கங்குவுக்கு ஒரே சொல்

ஏப்ரல் 9

மைக் வந்துவிட்டது. சவுண்ட் இன்ஜினீயர் தாஜுதீனுக்கு வேளச்சேரியில்தான் வீடு. காய்கறி வாங்கும் சாக்கில் பைக்கில் வந்து, மைக், லேப்டாப், ஹெட்போன் எல்லாவற்றையும் ஒரு அரிசிப் பையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கையசைத்தேன். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

ஊரடங்கு முடியும்வரை வீட்டிலிருந்தே டப்பிங். எனக்காக இத்தனை பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘சிமிழ் வேட்டை’ புது சீசனை மே மாதமே ஒளிபரப்ப வேண்டுமாம். ஊர்க் குழந்தைகள் எல்லாம் வீட்டில் அடைபட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. மற்ற பாத்திரங்களுக்கு வேறு ஆள் போடலாம். கங்குவுக்கு முடியாது. மூன்று வருஷமாக நான்தான் கங்கு.

அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. திருநெல்வேலியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள். அது செல்போன் விளையாட்டும்மா, அதிலிருந்து கார்ட்டூன், கார்ட்டூனிலிருந்து பென்சில் டப்பா என்பேன். காட்டில் திரியும் விநோதப் பிராணிகளைப் பிள்ளைகள் சிமிழில் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடுவார்கள். கங்கு நெருப்புப் பிராணி. அழுங்கு மாதிரி உடம்பெல்லாம் செதில், செதில் இடுக்கெல்லாம் தணல். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், தணல் மங்கிப்போகும். அதற்குப் பேச்சு கிடையாது. தன் பெயரை மட்டும் சொல்லும். பசித்தாலும் கங்கு, பாசம் வந்தாலும் கங்கு.

“ஒத்த வார்த்தைக்கா சம்பளம் குடுக்கான்?” என்றாள் அம்மா.

பெட்ரூம் சுவர் அலமாரியைக் காலி செய்து, உள்ளே ஜமுக்காளமும் ரஜாயும் தொங்கவிட்டு, முட்டை அட்டைகளை ஒட்டி, நான் உட்கார ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தது என் புருஷன்தான். வேலை பார்க்கும் கார் ஷோரூம் மூடியதிலிருந்து மோகன்ராஜை இவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை. ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, “என் பொண்டாட்டிக்குச் சொந்த ஸ்டூடியோ” என்றார்.

ஏப்ரல் 13

முதல் நாள் ரெக்கார்டிங். டப்பிங் இயக்குநர் ஜோஸ்பின் அக்கா சாலிகிராமத்தில் அவர் வீட்டிலிருந்து போனில். நான் மடிப்பாக்கத்தில் அலமாரிக்குள். அக்கா ஒரு காலத்தில் எத்தனையோ கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர். இப்போதும் அவர் போனில் ‘ஹலோ’ சொன்னால் யாரோ மழையில் நனைந்துகொண்டு வருவது போலிருக்கும்.

எதிர் ஃபிளாட் மிக்ஸி, பிறகு குக்கர், பிறகு ஒரு காகம். எல்லாம் ஓய்ந்து நான் வாயைத் திறக்கும்போது மகள் மித்ராவுக்குத் தும்மல். ஆறு வயதுக்கு அவள் சமர்த்து. என் காலடியில் சுருண்டு உட்கார்ந்து, மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறாள். ஹாலில் அப்பாவோடு இருக்கலாமே என்றால் தலையை ஆட்டுகிறாள்.

“சிரிப்பு இருக்கு கண்ணு, ஆனா வயித்துலேர்ந்து வரல” என்றார் அக்கா. “சாப்டியா?”

சாப்பிட்டிருந்தேன்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ இல்லாமலே மாங்காய்ப் பச்சடி.

ஏப்ரல் 20

பெட்ரூம் கதவுக்கு வெளிப்பக்கமாக மோகன்ராஜ் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். நான் உள்ளே வேலை செய்யும்போது மித்ரா கதவைத் திறந்து திறந்து போனால் சத்தம் பதிவாகிறதாம். “ஒண்ணு உள்ள இருக்கட்டும், இல்ல வெளிய இருக்கட்டும்.” அவள் உள்ளே என்று கை காட்டினாள்.

போனையும் வேலை நேரத்தில் அவரே வைத்துக்கொள்கிறார். அக்கா அழைத்தால் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு விதத்தில் நல்லதுதான், எனக்குக் கவனம் சிதறவில்லை.

ஏப்ரல் 27

ஷோரூமிலிருந்து மெயில். இந்த மாதம் பாதிச் சம்பளம், அடுத்த மாதம் பார்த்துச் சொல்வார்களாம். அவர் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். “வீட்ல ஒருத்தி கங்கு கங்குன்னு கத்தி சம்பாதிக்கிறா, நான் தண்டமா உக்காந்திருக்கேன். அதானே நெனைக்கிற?” என்றார். நான் அப்படி நினைக்கவில்லை.

பாத்ரூமில் வழுக்கி உதட்டில் அடி. மூன்று நாள் ரெக்கார்டிங் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 28

ஆனால் கங்கு என்று சொல்ல உதடே ஒட்ட வேண்டியதில்லை. இன்று கண்ணாடி முன் நின்று கண்டுபிடித்தேன். எல்லாம் தொண்டைப் பக்கமே முடிந்துவிடுகிறது. நல்லவேளை. மதியமே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

மே 4

மித்ராவுக்குப் புது விளையாட்டு. எதைக் கேட்டாலும் ‘கங்கு’. தோசையா இட்லியா? கங்கு. பல் தேய்ச்சாச்சா? கங்கு. இரண்டு நாளாக வேறு வார்த்தையே இல்லை. எந்தக் கங்குவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது, தொழில் அப்படி. அவருக்குத் தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில், “அப்பா கேக்கறேன்ல, வாயத் தொறந்து பேசு” என்றார். கங்கு என்றாள். தட்டு கீழே விழுந்தது. ரசம் எல்லா இடமும் ஓடிவிட்டது. துடைத்தேன். அவள் மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

விளையாட்டுத்தான். பள்ளிக்கூடம் திறந்தால் சரியாகிவிடும்.

மே 11

டப்பிங் ஸ்டூடியோக்களைத் திறக்க அனுமதி வந்துவிட்டது. அக்கா அழைத்தார். “வந்துடு கண்ணு. வேன் அனுப்பறேன். எத்தன நாள்தான் அலமாரிக்குள்ள உக்காருவ?”

அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எனக்கே பயமா இருக்குக்கா. குழந்தை இருக்கற வீடு” என்றேன்.

அக்கா “சரிடா” என்றார்.

மே 12

கோதுமை மாவு தீர்ந்துவிட்டது. கொத்தமல்லி கிடைக்கவில்லை.

மே 23

இன்று அவரே பிரியாணி செய்தார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் செய்ததுபோலவே, பட்டை கொஞ்சம் தூக்கல். மித்ராவைத் தோளில் தூக்கிக்கொண்டு பால்கனியில் பழைய பாட்டெல்லாம் பாடினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே பாரு” என்றார். கண் கலங்கியிருந்தது.

எல்லாம் வெயிலும் அடைப்பும் செய்கிற வேலை. மனிதர் நல்லவர்தான்.

ஜூன் 2

மாலை, தாஜுதீனிடமிருந்து ஒரு மெசேஜ். ‘அக்கா, ஃபைல் கடைசில ஏதோ சத்தம் விழுந்திருக்கு. கட் பண்ணிட்டேன். நீங்க நல்லா இருக்கீங்களா?’

போன் அவர் கையில் இருந்தது. அவர்தான் படித்துக் காட்டினார். நீ நல்லா இருக்கியான்னு கேக்க இவன் யாரு என்றார். தம்பி மாதிரி என்றேன். மாதிரியா என்றார்.

பேசித் தீர்த்துக்கொண்டோம்.

ஃப்ரீசரில் இருந்த பால் பாக்கெட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டால் எரிச்சல் அடங்குகிறது. இந்த வருஷம் வெயில் அதிகம்.

ஜூன் 10

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஷோரூமைத் திறக்கிறார்களாம். காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். நானும் மித்ராவும் அலமாரிக்குள் இருந்தோம். வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் போட்டிருப்பார். பிறகு வாசல் கதவு பூட்டும் சத்தம். என் போன் ஹாலில்.

முதலில் வேலையைப் பார்த்தேன். எபிசோட்டில் கங்கு ஆற்றில் விழுந்து தத்தளிக்கிறது, இனியா என்ற பெண் அதைத் தேடுகிறாள். எல்லாக் கத்தலையும் முடித்தேன். இருந்த ஒரு பாட்டில் தண்ணீரை மித்ராவுக்குக் கொடுத்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. எங்கள் வீட்டில் பாத்ரூம் ஹாலைத் தாண்டி. கதவைத் தட்டினேன். தட்டுவதை நிறுத்தி, யாராவது கேட்டுவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். மித்ரா இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நின்றாள். பிறகு நிற்க முடியவில்லை. என் பழைய துப்பட்டாவால் துடைத்து, அவளுக்கு என் துண்டு ஒன்றைப் பாவாடைபோலச் சுற்றிவிட்டேன். அழவில்லை. கங்கு, கங்கு என்று மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்தது.

லேப்டாப்பில் நெட் இருந்தது. அக்காவுக்கு ஒரு மெயில் எழுதலாம் என்று திறந்து உட்கார்ந்தேன். ‘அக்கா’ என்று அடித்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? என் புருஷன் மறதியாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார் என்றா? அதற்கு ஒரு மெயிலா? மூடிவிட்டேன்.

சாயங்காலம் வந்தார். “ஐயோ, மறந்தே போச்சு” என்றார். ஷோரூமில் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு மேல் நான் எதைச் சொல்ல?

காலையில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டவள் நிறுத்தவேயில்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன். வெட்டி ஒழுங்கு செய்ய நேரமில்லை. முழு ஃபைலையும் அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12

அக்கா அழைக்கவில்லை. தாஜுதீனும்.

ஜூன் 15

பத்தொன்பதாம் தேதியிலிருந்து சென்னை முழுக்க மறுபடி முழு ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள். மித்ராவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன், ஒரு விரலில் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது.

அப்போதுதான் அக்கா போன் செய்தார். அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“மோகன் சார், நல்லா இருக்கீங்களா? ஒரே ஒரு சீன். சேனல்காரங்க கடைசி நேரத்துல மாத்திட்டாங்க. சுகந்திய மைக் முன்னாடி உக்காரச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம்.”

நான் அலமாரிக்குள் போனேன். மித்ரா வழக்கம்போல் காலடியில். அவர் கட்டிலில், போன் மடியில்.

“டயலாக் பேப்பர் அனுப்ப நேரமில்ல கண்ணு. இனியா கேள்விய நான் படிக்கிறேன். கங்கு பதில் சொல்லட்டும். சரியா?”

சரி என்றேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னப் பெண்ணின் குரலுக்குப் போனார். “கங்கு, ஏன் இத்தன நாளா வெளிய வரல? உன்ன உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா?”

இந்த சீசன் கதை முழுக்க எனக்குத் தெரியும். இப்படி ஒரு சீன் அதில் வர இடமேயில்லை.

“கங்கு!” என்றேன். துள்ளலாக, பென்சில் டப்பா விளம்பரத்தில் சொல்வதுபோல.

“இது பொய்க் கங்கு” என்றார் அக்கா தன் சொந்தக் குரலில். “போகட்டும், அடுத்தது.” மறுபடி இனியா. “கங்கு, அவன் உன்ன அடிக்கிறானா?”

அவர் கட்டிலில் தலையணையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் கேட்டது. கார்ட்டூன்தானே. நான் வாயைத் திறந்தேன். மூன்று வருஷமாக எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் சொல், வரவில்லை. காற்று மட்டும் வந்தது. ஹெட்போனில் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

கீழேயிருந்து மித்ரா சொன்னாள். “கங்கு.”

அத்தனை சின்னதாக. மைக் அதை எடுத்துவிட்டது.

போனில் அக்கா, “யாரு சார், பாப்பாவா?” என்றார்.

அவர் சிரித்தார். “அவளுக்கு இதே பொழப்பாப் போச்சு மேடம்.”

“பிரமாதமா பண்றா. அத வெச்சுக்கறேன்.” அக்காவின் குரல் லேசாக நடுங்கியது, உடனே திருத்திக்கொண்டார். “கடைசிக் கேள்வி. கங்கு, நான் வந்து கூப்பிட்டா என்கூட வந்துடறியா?”

“கங்கு” என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு டேக் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாமல் போவது இதுதான் முதல் தடவை.

“ஓகே” என்றார் அக்கா. “அது ஓகே. ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்.”

ஜூன் 16

துணி துவைத்தேன். மித்ராவின் துணிகளை மட்டும் தனியாக மடித்து வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 18

நேற்று எழுத முடியவில்லை. இது அக்கா வீடு.

நேற்று பத்து மணி வாக்கில் காலிங் பெல் அடித்தது. அவர் கதவைத் திறந்தார். அக்கா, பின்னால் தாஜுதீன், இருவரும் மாஸ்க்குடன். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மைக் கோளாறு சார். எடுத்துட்டுப் போக வந்தோம். மிச்சத்த ஊரடங்குக்கு முன்னாடி ஸ்டூடியோல வெச்சு முடிக்கணும். சுகந்தியும் பாப்பாவும் வரட்டும், சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறோம்.”

“மைக்க எடுத்துக்குங்க. அவ வரமாட்டா.”

தாஜுதீன் உள்ளே போய் ஒயர்களைச் சுருட்டினான். தாழ்ப்பாளின் முன் ஒரு கணம் நின்று பார்த்ததைக் கவனித்தேன். அக்கா வாசற்படியிலிருந்து நகரவில்லை.

“சார், நான் உங்ககிட்ட கேக்கல. அவகிட்ட கேக்கறேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. சிரித்தார். ஷோரூமில் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. “நீயே சொல்லு சுகந்தி. போறியா?”

நான் இல்லை என்றுதான் சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. எட்டு வருஷமாக அந்தச் சிரிப்புக்கு நான் வேறு பதில் சொன்னதில்லை.

“போறேன்” என்றேன்.

குரல் கரகரவென்று, யாரோ ஒருத்தியின் குரல்போல வந்தது.

“என்ன?”

“போறேங்க. மித்ராவையும் கூட்டிட்டுப் போறேன்.”

என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதுதான் அக்கா அந்தக் குரலை எடுத்தார். எத்தனை படத்தில், எத்தனை கோர்ட் சீனில் தியேட்டரை நிறைத்த குரல். “கைய எடுங்க!”

மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. எதிர் ஃபிளாட் மிக்ஸி நின்றது. கதவு திறந்தது. கீழ் மாடியில் இன்னொரு கதவு. வாட்ச்மேன் “என்னங்கம்மா?” என்று கத்திக்கொண்டே ஏறி வந்தார். இரண்டு மாதமாக யார் காதிலும் விழக்கூடாது என்று நான் பார்த்துப் பார்த்து மூடிவைத்த வீட்டை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கையை எடுத்துவிட்டார். அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் முடியவில்லை.

“போனா திரும்பி வராத” என்றார் மெதுவாக.

“சரி” என்றேன்.

மித்ராவைத் தூக்கிக்கொண்டேன். அவள் துணிகளை மடித்து வைத்திருந்த பையை தாஜுதீன் எடுத்துக்கொண்டான். படியிறங்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர் ஃபிளாட் அம்மா மட்டும் மாஸ்க்கை இறக்கி, “பாத்துப் போம்மா” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார்.

வேனில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். “அந்தப் பத்தாம் தேதி ஃபைல முழுசாக் கேட்டேன் கண்ணு. தாஜு கேட்டுட்டு சாப்பிடவே இல்லையாம். நாலு நாள் என்ன பண்றதுன்னே தெரியல எங்களுக்கு. நேரா போலீஸோட வந்தா நீ இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம்.”

சொல்லியிருப்பேன் என்றேன்.

என் புருஷன் என்னை அடித்தார். ஏப்ரலிலிருந்து அல்ல, மித்ரா பிறந்த வருஷத்திலிருந்து. எழுதியாகிவிட்டது.

ஜூன் 20

முழு ஊரடங்கு. சாலிகிராமத் தெருவில் நாய்கூட இல்லை. அக்கா மகளிர் காவல் நிலையத்தில் பேசியிருக்கிறார். திங்கட்கிழமை வாக்குமூலம் வாங்க ஒரு அம்மா வருவாராம். என்ன கேட்பார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். பயமாக இருக்கிறது. என் அம்மாவிடம் சொன்னேன். முதலில் அழுதாள், பிறகு “கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ” என்றாள், பிறகு அதற்காக அழுதாள்.

மதியம் அக்காவின் போனில் அவர் அழைத்தார். எடுக்காதே என்றார் அக்கா. எடுத்தேன்.

அழுதார். “நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. தாழ்ப்பாளக் கழட்டி எறிஞ்சுட்டேன் சுகந்தி. சாமி சத்தியமா இனிமே கை வைக்க மாட்டேன். பாப்பாவ ஒரு தடவ பாக்கணும்.”

நான் குரலை வைத்துப் பிழைப்பவள். பொய் அழுகை எனக்கு உடனே தெரிந்துவிடும், மூச்சு தப்பான இடத்தில் விழும். இதில் எதுவும் தப்பாக இல்லை. அவர் உண்மையாகத்தான் அழுதார். ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தான் அழுதிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மித்ரா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா அழறாரா?”

“ஆமா.”

“நாம போகணுமா?”

“வேணாம்.”

“சரி” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஜோஸ்பின் அக்காவின் அடுப்படிக்குப் போய், டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.